கழுத்தடியில் ஒரு கோடு

சீமெண்ணெய் ஊறக் கால்மணி நேரமாவது ஆகும், அவசரப்பட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று அர்த்தநாரி மேஸ்திரி புது டிரெய்லருக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். வியாழக்கிழமை ராகு காலம். ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை சங்ககிரி வையாபுரி பட்டறையில் புதிதாக ஒரு வெல்டிங் ராடுகூடப் பற்றவைக்க மாட்டார்கள். தின்ற சோறு செரிக்கட்டும் என்று ஆளுக்கொரு நிழலில் சாய்ந்துவிடுவார்கள், முதலாளியும் ஆபீஸ் ரூமில் மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு குறட்டை விடுவார். மூன்று அடித்ததும் பூசாரி வருவார், பூசணிக்காய் உடையும், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும், வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விடும். அதற்குள் இது தெரிந்தாக வேண்டும். இது என்றால் எது என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்ல வாய் வராது. கழுத்தடியில் ஒரு கோடு. கோடு இருக்கிறதா, இல்லையா. கேட்பதற்கு என்னவோ சின்னக் கேள்விதான். இருக்கிறது என்றால் இரும்பு விரிசல் விட்டிருக்கிறது. இல்லை என்றால், இல்லாத கோடு ஒன்று காலையிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. முப்பத்தொரு வருசம் பற்றவைத்துச் சோறு தின்ற ஆளுக்கு இதில் எது வேண்டும் என்று சாமியே வந்து கேட்டாலும் அவர் முழிக்கத்தான் முழிப்பார்.

டிரெய்லருக்கு முன்பக்கம் சக்கரம் கிடையாது. இழுத்துப் போகிற முன்வண்டியின் முதுகில் கிரீஸ் தடவிய இரும்புத் தட்டு ஒன்று இருக்கும், அதற்குப் போய் ஐந்தாவது சக்கரம் என்று பேர், உருளாத ஒன்றுக்குச் சக்கரம் என்று பேர் வைத்த புண்ணியவான் எவனோ. டிரெய்லர் தன் கழுத்தைக் கொண்டுபோய் அந்தத் தட்டின்மேல் வைத்து, ஒரே ஒரு முளையை அதில் மாட்டிக்கொண்டு, முப்பத்தைந்து டன்னோடு பின்னாலேயே போகும். நாற்பதடி நீள உடம்பு தடித்தது, கழுத்து மெல்லியது, தடிப்பு மெலிப்பாக மாறுகிற வளைவில்தான் பாரமெல்லாம் வந்து உட்காரும். உடைந்தால் அங்கேதான் உடையும். இது அவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வளைவில் பற்றவைக்கிற வேலையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கழுத்து அர்த்தநாரிக்கு என்பது இந்தப் பட்டறையின் எழுதாத சட்டம். மற்றவர்கள் பலகை, பட்டை, விளக்குப் பெட்டி என்று எதை வேண்டுமானாலும் தொடலாம், கழுத்துக்கு மட்டும் அவர் வந்து முகமூடியைக் கவிழ்க்க வேண்டும். பத்து வருசமாக இது அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பார்த்தால் பெருமைக்குள் ஒரு சூதும் இருக்கிறது, கழுத்தில் என்ன ஆனாலும் கைகாட்ட வேறு ஆள் கிடையாது.

காலையில் முன்வண்டியை மாட்டிக் கழுவிவிட்ட வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது குனிந்தார், கறுப்புப் பெயிண்டில் ஒரு மயிரிழை தெரிந்தது. மயிராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார், பெயிண்ட் பிரஷ் கொட்டுகிற மயிர் காய்ந்து ஒட்டிக்கொள்வது சகஜம். நேராகப் பார்த்தார், இல்லை. போகட்டும் என்று நிமிரும்போது கண்ணோரத்தில் மறுபடியும் இருந்தது. திரும்பினால் இல்லை. இப்படி நாலு தரம். யாராவது பார்த்திருந்தால் மேஸ்திரி வண்டியோடு கண்ணாமூச்சி ஆடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒருதரம் தடுக்கியது, ஒருதரம் தடுக்கவில்லை, அவர் நகமும் நகமாகவா இருக்கிறது, நெருப்புப் பொறி பட்டுப் பட்டுக் கொம்பாகிக் கிடக்கிறது. எல்லாரும் சோற்றுக்குப் போனபிறகு கம்பி பிரஷ்ஷால் இரண்டு சாண் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினார், சீமெண்ணெய்த் துணியால் ஒற்றினார். சீமெண்ணெய்க்கு வெட்கம் கிடையாது, எவ்வளவு சின்னச் சந்து என்றாலும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் மேலே துடைத்துவிட்டுச் சாமிப் பலகையில் இருக்கிற திருநீற்றை மெல்லிசாகத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைச் சாம்பலில் கறுப்பாகக் கோடு எழுதும். சாக்பீஸ் பொடி போட்டாலும் ஆகும், ஆனால் இந்தப் பட்டறையில் ஆதியிலிருந்து திருநீறுதான். கழுத்துக்குத் திருநீறு போட்டாச்சா என்று கேட்டால் இங்கே அதற்கு இதுதான் அர்த்தம். போன வருசம் வரைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் போட்டார்கள். வேலை அதிகமானபோது அது நின்றுபோயிற்று, யார் நிறுத்தியது என்று கேட்டால் யாரும் இல்லை.

கண் எப்போது இப்படி ஆயிற்று என்றும் அவருக்குத் தெரியவில்லை. தை மாசம் எடப்பாடி பஸ் என்று ஈரோடு பஸ்ஸில் ஏறினார், கண்டக்டர் சிரித்தான், அவரும் சிரித்தார், பேச்சு மும்முரத்தில் ஏறிவிட்டேன் என்று மயிலாத்தாளிடம் சொன்னார். கூடப் பேச யாருமே வராத பஸ்ஸில் என்ன பேச்சு மும்முரம் என்று பெண்டாட்டி கேட்கவில்லை, ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். அப்புறம் திருச்செங்கோட்டில் இலவசக் கண் முகாம் என்று மைக் கட்டிக்கொண்டு போனார்கள். வேறு ஊருக்குப் போகிறவர்போல் போய் வரிசையில் நின்றார். டாக்டர் சின்னப் பெண், சொட்டு மருந்து விட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தது. நெருப்பை வெறுங்கண்ணால் பார்ப்பீங்களா என்று கேட்டது. இல்லை என்றார். எப்பவாவது என்றது. எப்பவாவது என்றால், முகமூடியைக் கவிழ்ப்பதற்குள் ராடு பற்றிக்கொள்ளும், ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம், அதை யார் எண்ணினார்கள். கண்ணின் நடுவில் சுட்டுப்போயிருக்கிறது என்றது அந்தப் பெண். ஓரம் நன்றாகத் தெரியும், நடு போய்க்கொண்டே இருக்கும் என்றது. கையில் ஒரு தாள் கொடுத்தது, கணக்கு நோட்டு மாதிரி முழுக்கக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கள், கோடெல்லாம் நேராக இருந்தால் சரி, வளைந்தாலோ அறுந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முதல்நாள் பார்த்தபோதே நடுவில் நாலு கட்டத்தைக் காணோம். தாள் அச்சடித்ததில் கோளாறு என்று மடித்துப் பர்ஸில் வைத்தவர்தான். அவருக்கு என்ன பைத்தியமா. அச்சுக் கோளாறு இல்லை என்று அவருக்குத் தெரியாதா. தெரியும், தெரிந்துகொண்டேதான் மடித்தார்.

ஆனாலும் பற்றவைத்தார். பற்றவைக்கக் கண் வேண்டும் என்று யார் சொன்னது, காது போதும். கரண்ட் சரியாக இருந்து கை சரியாக நகர்ந்தால் எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற சத்தம் வரும், ஒரே சீராக, சடசடவென்று. சத்தம் மாறினால் கையை மாற்ற வேண்டும். இந்தக் கழுத்துக்கும் சத்தம் சரியாகத்தான் வந்தது. வந்ததா? அன்றைக்கு மழை. தகரக் கூரையில் மழை கொட்டினால் வடைச் சத்தம் எங்கே கேட்கும். மழை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, ராடு நமத்திருந்தது. ராடு காயவைக்கிற மின்சார அடுப்பு இரண்டு மாசமாகக் கெட்டுக் கிடக்கிறது, டீக்கடை அடுப்பின் ஓரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள், ராடில் ஈரம் இருந்தால் பற்றவைக்கும்போது ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் மூன்று நாள் கழித்து யாரும் தொடாமலே இரும்பு தானாக விட்டுக்கொள்ளும். அப்படியானால் ராடின் குற்றம். அல்லது பிளேட்டின் குற்றம். பத்து எம்.எம். என்று பில் போட்டு வந்த பிளேட் கையில் தூக்கும்போதே லேசாக இருந்தது, அவர் சொன்னார், சொல்லாமல் இல்லை. வையாபுரி முதலாளி அதற்கு, இப்ப எல்லாரும் எடை குறைஞ்ச வண்டிதான் கேக்கறாங்க மேஸ்திரி, வண்டி லேசா இருந்தாத்தான் ரெண்டு டன் சேத்துப் போட முடியும், கெட்டி வண்டி கட்டி நாம மட்டும் பாத்துக்கிட்டு இருக்கறதா என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவருக்கு எதைக் கேட்டாலும் அந்த நேரத்துக்கு நியாயமாகப் பட்டுவிடும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் நெஞ்சில் குத்தும். ஆகப் பிளேட், ராடு, மழை, கண். நாலில் எது. நாலும் சேர்ந்து கூத்தடித்ததா. இல்லை, கோடே இல்லையா.

குப்பண்ணன் நினைவு வந்தது. வரக்கூடாது என்று எதை நினைத்தாரோ அது வந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால் இதே பட்டறையில் கட்டிய வண்டி ஒன்று, ஆந்திராவில் எங்கோ, ரோட்டு நடுவில் முதுகு மடிந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது அர்த்தநாரிக்கு மஞ்சள்காமாலை, இருபது நாள் படுக்கை, கழுத்தைக் குப்பண்ணன் பற்றவைத்திருந்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரைவர் இறங்கி ஓடிவிட்டான். டிரைவர் ஓவர்லோடு ஏற்றினான் என்றார் முதலாளி. பட்டறைக்காரன் தகட்டில் ஏமாற்றினான் என்றான் வண்டிக்காரன். உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்துக் கொண்டுவந்து அர்த்தநாரியிடம் காட்டினார்கள், இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டு என்ன சொன்னார்? குப்பண்ணனுக்குக் கை முன்ன மாதிரி இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஒரே ஒரு வார்த்தை. மறுவாரம் குப்பண்ணன் வரவில்லை. இப்போது பவானி ரோட்டில் பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிறான், இவரைக் கண்டால் வாங்கண்ணா என்று எழுந்து நிற்கிறான், அதுதான் தாங்க முடிவதில்லை. அந்தப் போட்டோவிலும் பிளேட் மெலிசாகத்தான் இருந்தது. பார்த்தாரே. பார்த்தும் ஏன் அப்படிச் சொன்னார்? கழுத்து அர்த்தநாரிக்கு என்ற சட்டம் அந்த இருபது நாளைச் சாக்கிட்டு எங்கே கைமாறிவிடுமோ என்ற பயம், வேறென்ன. இன்றைக்கு இந்தக் கோடு நிசம் என்றால், பிளேட் குற்றம் என்றால், குப்பண்ணன் அன்றைக்கும் குற்றவாளி இல்லை. கண் குற்றம் என்றால் அவனைச் சொன்ன அதே வாய் இப்போது தன்னைச் சொல்ல வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் அவன் வாங்கண்ணா என்று எழுந்து நிற்கிறான். அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது, படுத்த இடத்திலேயே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

போதும், ஊறியிருக்கும். எழுந்து உட்கார இடமில்லை, முழங்கையை ஊன்றி, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார். மடியில் பொட்டலம் கட்டி வைத்திருந்த திருநீற்றை உள்ளங்கையில் கொட்டி மெல்ல ஊதினார். பாதி அவர் மூஞ்சியிலேயே விழுந்தது. மீதியை விரலால் தட்டித் தட்டித் தூவினார், கழுத்து வெளுத்தது. இனி காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது செருப்புச் சத்தம் வந்தது, டயருக்கு அந்தப்பக்கம் வெள்ளை வேட்டி நின்றது. முதலாளி தூங்கி எழுந்துவிட்டார். அடியில் யாரு என்று கேட்டார். நானுங்க என்றார் இவர். என்ன வேலை என்றார் அவர். கிரீஸ் எல்லாப் பக்கமும் போயிருக்குதான்னு பாக்கறனுங்க, என்று நாக்கு தானாகச் சொல்லிற்று, யோசிக்கவே இல்லை, ஏதோ தினமும் சொல்கிற பொய் மாதிரி. பூசாரி மூன்றுக்கெல்லாம் வந்துவிடுவார், அவருக்கு இன்னும் இரண்டு வண்டி இருக்கிறது, மேஸ்திரி குளித்துவிட்டுப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றால் மாலை போட வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வெள்ளை வேட்டி போயிற்று. கழுத்து பற்றவைத்தவருக்கு முதல் மாலை, வண்டிக்காரருக்கு இரண்டாவது, அதுவும் இந்தப் பட்டறை வழக்கம். மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். சிரிக்க வேண்டும்.

வண்டிக்காரன் நந்தகோபால். முப்பது வயசுகூட இல்லை. பிறத்தியார் வண்டியில் எட்டு வருசம் ஓட்டிவிட்டுச் சொந்தமாக முதல் டிரெய்லர் கட்டுகிறவன். வண்டி கட்டுகிற நாற்பது நாளும் பட்டறையிலேயே கிடந்தான், இரும்பு வந்து இறங்கிய அன்றைக்குக் கட்டில் மாதிரி அதன்மேலேயே படுத்துத் தூங்கினான். மேஸ்திரி முகமூடியைக் கவிழ்த்தால் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வான், பார்க்காதே கண்ணு போகும் என்று இவர் விரட்டுவார், யாரை யார் விரட்டுவது. முதல் நடைக்குப் பெண்டாட்டியும் கூட வருகிறாள். கிருஷ்ணகிரியில் அவள் அம்மா வீடு, அங்கே இறங்கிக்கொள்வாள். சேலத்தில் இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏற வேண்டும், ஏறும்போது வண்டி கழுத்தைப் பிடித்துத் தொங்கும். சுகந்தி என்று பேர் அந்தப் பெண்ணுக்கு. காலையில் ஒரு ஒயர்கூடையில் கட்டுச்சோறும் தண்ணியும் வைத்துக்கொண்டு வந்திறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்தாள், தொடுவதற்குக் கூச்சம்போல, சேலைத் தலைப்பால் ஒரு தூசியைத் துடைத்தாள், இவரிடம் வந்து நின்றாள்.

"நல்லாருக்குதுங்களாண்ணா?" என்றாள். அதற்கு முன்னால்தான் இவர் நாலு தரம் குனிந்து நிமிர்ந்திருந்தார்.

"ஒண்ணும் பயமில்லை அம்மிணி, தாட்டியமா போய்ட்டு வாங்க" என்றார்.

அதை ஏன் சொன்னார் என்று இந்த ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொள்கிறார். வேறு என்ன சொல்ல முடியும். ஒரு பெண் கேட்கிறாள், தெரியலை அம்மிணி என்றா சொல்வார்கள்? கல்யாண வீட்டில் பந்தல் விழுமா என்று கேட்டால் விழாது என்றுதான் எவனும் சொல்வான். ஆனால் பந்தல் போட்டவன் சொல்லலாமா. அவள் உடனே நம்பிவிட்டாள், அதுதான் கோளாறு, கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் இவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சரி, இல்லாத கோட்டுக்கா இத்தனை பாடு? இரண்டு சாண் பெயிண்டைச் சுரண்டியது தவிர ஒன்றும் நடக்கவில்லை. கோடு இல்லை என்றால் கறுப்புப் பெயிண்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே போய்க் குளிக்கலாம். அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்வார்கள். அவரும் மாலை போட்டுக்கொள்வார். அடுத்த வண்டிக்கும் கழுத்து அவருக்கு, அதற்கு அடுத்ததற்கும். ஒவ்வொன்றிலும் இல்லாத கோடுகள் தெரிய, இருக்கிற கோடுகள் தெரியாமல் போக, ஒரு நாள் எவனாவது ஒரு நந்தகோபால், எவளாவது ஒரு சுகந்தி. வேண்டாம். கோடு இருக்கட்டும். இருந்தால் அவர் கண் இன்னும் பழுதில்லை, ஓரத்திலாவது பிடித்துவிட்டது என்று ஆகும். ஐயோ, இருக்கட்டும் என்றா நினைக்கிறோம், அந்தப் பையன் நாற்பது நாள் இரும்பின்மேல் படுத்தவன், அவன் வண்டி விரிசல் விட்டிருக்கட்டும் என்று தன் கண்ணுக்காக வேண்டிக்கொள்கிற மனுசனும் ஒரு மனுசனா. அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. பயமும் வந்தது. இரண்டில் பயம்தான் பெரிசாக இருந்தது.

சாம்பலைப் பார்த்தார். வெளுப்பு, அதில் சாம்பல் நிறம், அதில் ஏதோ ஒரு கறுப்பு. நேராகப் பார்த்தால் நடுவில் வழக்கமான அந்தக் கலங்கல், சோற்றுத் தண்ணி மாதிரி. அதற்குள் கோடு இருந்தாலும் ஆனைக்குட்டி இருந்தாலும் தெரியாது. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார், ஒரு கோடு ஓடியது. சந்தோசப்பட்டார், உடனே சந்தேகமும் பட்டார். இடது கண்ணை மூடினார், கோடு வளைந்தது. வலது கண்ணை மூடினார், கோடு பாதியில் அறுந்தது. இரும்பில் விரிசல் வளையும், அறுந்து அறுந்தும் போகும். தாளில் அச்சடித்த கோடும் அவருக்கு வளைகிறது, அறுந்து போகிறது. அப்படியானால் இது எது? நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் சாம்பலில் கறுப்பாகத்தான் தெரியும், விழுந்ததா? அவர் கீழே அல்லவா படுத்திருக்கிறார், வேர்வை எப்படி மேலே விழும், மூளையும் போய்விட்டதா. சிலந்தி நூலாக இருக்கலாம். மேலே இருக்கிற பட்டையின் நிழலாக இருக்கலாம். செல்போனை எடுத்து டார்ச் அடித்தார், வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திருப்பி அடித்தது, கண்ணில் பச்சையும் ஊதாவுமாகப் பூப்பூத்து மிச்சம் இருந்ததும் போயிற்று. பூ அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நேரம் சீமெண்ணெய் ஊறும், சாம்பல் சொல்லும் என்று படுத்துக்கிடந்தாரே, சாம்பல் எழுதும், சரி, அதை வாசிக்கவும் கண் அல்லவா வேண்டும். இந்தப் பரீட்சையை அவர் ஒருவராகச் செய்து முடிக்கவே முடியாது. இது இப்போதுதான் தெரிந்ததா? காலையில் சாமிப் பலகையில் திருநீற்றை அள்ளி மடியில் கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையும் கூட வந்துவிடும்போல் இருந்தது, அதனால் இரண்டும் வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வெளியே ஆட்கள் எழுந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தார்கள். இப்போது யாரைக் கூப்பிடுவது. பட்டறை ஆட்களைக் கூப்பிட்டால் விசயம் முதலாளி காதுக்கு முதலில் போகும், அவர் உடனே ஒரு நியாயம் சொல்வார், இவருக்கு அது நியாயமாகப் படும். வேண்டாம், வேண்டாம். டயர் ஓரத்தில் ஒரு ஜோடிக் கால், நீலச் செருப்பு, புது வேட்டியின் மஞ்சள் முனை. நந்தகோபால்தான், குளித்துவிட்டு வந்து வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், அவனால் சுற்றாமல் இருக்க முடியாது. கால்கள் பின்டயர்வரை போயின. திரும்பி வந்தன. மறுபடியும் தாண்டின. போகட்டும், பூசை முடியட்டும், சேலத்தில் லோடு ஏற்றுவதற்கு முன்னால் போன் பண்ணிச் சொல்லலாம் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, மிகவும் நல்ல குரல், அவருக்கு ரொம்ப நாளாகப் பழக்கமான குரல், குப்பண்ணனைப் பற்றிச் சொன்னதும் அதே குரல்தான்.

"கண்ணு" என்று கூப்பிட்டார். கால்கள் நிற்கவில்லை. பட்டையைத் தட்டி மறுபடியும் கூப்பிட்டார். "நந்தகோபாலு, இங்க உள்ள வா."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தவழ்ந்து உள்ளே வந்தான். சோப்பு வாசனை வந்தது. வண்டியின் கழுத்தில் திருநீற்றைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயே பூசையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான், பிள்ளை. இரண்டு கையும் கூப்பி, எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ள மூன்று விரலை நீட்டினான். அர்த்தநாரி எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவன் பயந்துபோனான்.

"தொடாத. அதுல என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லு."

"நீங்கதான் பாத்துட்டே இருக்கறீங்களேண்ணா."

"எனக்குத் தெரியலை."

அவன் சிரித்தான், மேஸ்திரி விளையாடுகிறார் என்று. பிடித்த கையை அவர் விடவில்லை. அவன் அவர் முகத்தைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், அவன் எந்தக் கண்ணைப் பார்க்கிறான் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. சிரிப்பு நின்றது. அவனும் சாக்கில் சாய்ந்து, தலையை அவர் தலைக்குப் பக்கத்தில் வைத்து மேலே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு கோடு இருக்குதுங்ண்ணா" என்றான். "நீங்க எதைக் கேக்கறீங்க?"

இரண்டு. காலையிலிருந்து ஒன்றுக்காக அல்லவா அவர் செத்துக்கொண்டிருந்தார். ஒன்று இருந்தால் இரும்பு, இல்லாவிட்டால் கண் என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஒன்று இத்தனை நேரமும் முகத்துக்கு ஒரு முழத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இரும்பும் போயிற்று, கண்ணும் போயிற்று. ஆச்சரியம், அவருக்குக் குழப்பம் தீர்ந்த மாதிரிக்கூட ஒரு கணம் இருந்தது, தீரவில்லை. வெளியே பூசாரியின் மணிச் சத்தம். ஏனுங்க மேஸ்திரி, மணி மூணாச்சு, வெளிய வாங்க, என்று முதலாளி கூப்பிட்டார்.

"வண்டி போகாதுங்க" என்றார் அர்த்தநாரி.

யார் சொன்னது என்று முதலாளி கேட்டார்.

"நாந்தானுங்க சொல்றேன். கழுத்து விட்டிருக்குது. எனக்குக் கண்ணு தெரியலீங்க, இந்தப் பையன்தான் பாத்துச் சொன்னான்."

வெள்ளை வேட்டி டயர் ஓரத்தில் வந்து நின்றது, குனியவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சேலைக் கரை வந்து நின்றது. அர்த்தநாரி நந்தகோபாலிடம், விரலை வைத்துக் காட்டு என்றார். அவன் அவருடைய ஆள்காட்டி விரலையே பிடித்துக் கொண்டுபோய்ச் சாம்பலில் வைத்தான். முதல் கோட்டின்மேல் இழுத்தான், அது நாலு விரல்கடை, அவருக்குத் தெரிந்ததுதான். அப்புறம் எடுத்து இன்னொன்றின்மேல் வைத்தான். விரல் வளைவைச் சுற்றிக்கொண்டு போயிற்று, சாம்பல் முடிகிற இடம் வந்தது, அவர் சுரண்டாத பெயிண்டில் வழவழப்பு தட்டுப்பட்டது. அவர் விரலை எடுக்கப் பார்த்தார். அவன் விடவில்லை.

"பெயிண்டுக்கு அடியில இன்னும் போகுதுங்ண்ணா" என்றான்.